லண்டனில் ஓர் இசை இரவு: ரோனி ஸ்காட்ஸா, 100 கிளப்பா, ஜாஸ் கஃபேயா?

ஊரிலிருந்து லண்டனுக்கு வரும் உறவினர்கள், பகலில் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, "ஒரு ராத்திரி நல்ல லைவ் மியூசிக் கேட்க வேண்டும், எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்பது வழக்கம். டூட்டிங்கில் குடியிருந்துகொண்டு மாதம் ஒரு முறையாவது கச்சேரிக்கென்றே நகர் நடுவுக்கு ரயிலேறுகிறவன் என்ற முறையில், நான் மூன்று இடங்களைத்தான் சொல்வேன். சோஹோவின் ஃப்ரித் தெருவில் இருக்கும் ரோனி ஸ்காட்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் படியிறங்கிப் போகும் 100 கிளப், கேம்டன் டவுனின் பார்க்வேயில் இருக்கும் ஜாஸ் கஃபே ஆகியவை அவை. மூன்றுக்கும் டூட்டிங் பிராட்வேயில் ஏறி நார்தர்ன் லைன் என்ற சுரங்க ரயில் தடத்திலேயே போய்விடலாம். மூன்றிலும் நல்ல இசை கிடைக்கும். ஆனால் ஒன்றில் கிடைக்கும் இரவு மற்றொன்றில் கிடைக்காது. அதற்குக் காரணம், அன்று யார் வாசிக்கிறார் என்பதைக் காட்டிலும், அந்த இடம் எதை விற்று வாடகை கட்டுகிறது என்பதுதான் என்று பல ஆண்டு அனுபவத்தில் எனக்குத் தோன்றுகிறது. ரோனி ஸ்காட்ஸ் மேசையை விற்கிறது. 100 கிளப் நுழைவுச்சீட்டையும் பாரில் ஊற்றும் பானத்தையும் விற்கிறது. ஜாஸ் கஃபே ஒரே இரவை இரண்டு கூட்டத்துக்கு இரண்டு முறை விற்கிறது.

ரோனி ஸ்காட்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெயர் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ரோனி ஸ்காட், பீட் கிங் என்ற இரண்டு டெனர் சாக்ஸபோன் கலைஞர்கள் 1959 அக்டோபரில் ஜெரார்ட் தெருவின் ஒரு நிலவறையில் இதைத் தொடங்கினார்கள். 1965இல் ஃப்ரித் தெரு 47ஆம் எண்ணுக்கு இடம் மாறி, இன்றுவரை அங்கேயே நடக்கிறது. அமெரிக்கக் கலைஞர்கள் பிரிட்டனில் தாராளமாக வந்து வாசிக்க முடியாதபடி இரு நாட்டு இசைக் கலைஞர் சங்கங்களின் கட்டுப்பாடுகள் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. ஒரு பிரிட்டிஷ் கலைஞர் அங்கே போனால்தான் ஓர் அமெரிக்கர் இங்கே வரலாம் என்ற பண்டமாற்று ஏற்பாட்டில், 1961இல் ஜூட் சிம்ஸ் இங்கே வர, டப்பி ஹேய்ஸ் நியூயார்க்கின் ஹாஃப் நோட் அரங்குக்குப் போனார். லண்டன் ரசிகர்கள் இசைத்தட்டில் மட்டுமே கேட்டிருந்தவர்களை எட்டிக் கைகுலுக்கும் தூரத்தில் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பொதுமேடையில் கடைசியாக வாசித்ததும் இங்கேதான், 1970 செப்டம்பர் 16 அன்று, இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர்.

இப்போது அங்கே போகிறவருக்குக் கிடைப்பது, சிறு விளக்கு எரியும் மேசையும், அதில் ஒரு நாற்காலியும், சாப்பாட்டு அட்டையும். மேடைக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்து இருக்கையின் விலை ஏறுகிறது. பலருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இதில் குறையில்லை, ஏனெனில் அந்த விலைக்கு ஈடாக அந்த இடம் ஒரு பொருளைத் தருகிறது: அமைதி. வாசிக்கும்போது பேசக் கூடாது, படமெடுக்கக் கூடாது என்பதை ஊழியர்கள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். டிரம் வாசிப்பவர் கம்பிப் பிரஷ்ஷால் ஸ்நேர் என்ற சிறு முரசின் தோலை வட்டமாக வருடும்போது எழும் அந்த உமி தேய்க்கும் ஓசை, பின்வரிசை மேசை வரை கேட்கும். டபுள் பேஸ் வாசிப்பவர் தந்தியை இழுத்து விடும்போது, சுரத்துக்கு முன்னால் விரல் தோல் தந்தியில் உராயும் சத்தம்கூடக் கேட்கும். கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த இடம் அந்நியமாகவே இருக்காது. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நாம் கைதட்டுவதைப் போலவே, இங்கே ஒவ்வொருவரின் தனி வாசிப்பும் முடிந்த இடத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவார்கள். இதைச் சொல்லி அழைத்துப் போனால், ஜாஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெரியவர்கள்கூட இரண்டாவது பாட்டிலேயே சரியான இடத்தில் கைதட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் இங்கே ஆட முடியாது. எழுந்து நிற்கவே இடமில்லை. மேசை வியாபாரம் என்பதால், மாலையிலேயே முதல் காட்சியை முடித்து, அடுத்த காட்சிக்கு மேசையைத் துடைத்துப் போடும் நாட்களும் உண்டு. முதல் காட்சிக்குச் சீட்டு எடுத்தவர், இரவு இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்ற நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு முன்பதிவு செய்தால் ஏமாற்றம் இல்லை.

100 கிளப்புக்கு வருகிறேன். எழுதுவதற்கே கை துடிக்கும் இடம் இது. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு வாசல். படியிறங்கினால் ஒரு கூடம், சிவப்புச் சுவர்கள், அவற்றில் இங்கே வாசித்தவர்களின் புகைப்படங்கள், மேடைக்குப் பின்னால் பெரிதாக '100' என்ற எண். 1942 அக்டோபரில், லண்டன் மீது இன்னும் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த ஓர் உணவகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து ஜாஸ் நிகழ்ச்சிகள் தொடங்கப்பட்டன. அன்று முதல் பெயரும் நிர்வாகமும் மாறினாலும், அந்த நிலவறையில் இசை நின்றுபோகவில்லை. 1976 செப்டம்பர் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் இதே மேடையில் நடந்த பங்க் விழாவில் செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ், சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் முதலிய குழுக்கள் வாசித்தன. ஜாஸ் கேட்க வந்த படைவீரர்கள் நின்ற அதே தரையில், முப்பத்துநான்கு ஆண்டு கழித்து, வாத்தியத்தைச் சரியாகப் பிடிக்கவே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள் ஒரு புதிய இசையைப் பிறக்க வைத்தார்கள் என்பதை, அங்கே நின்று நினைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு இன்றும் முடியவில்லை.

இந்தக் கூடத்தின் அமைப்பு விசித்திரமானது. மேடை நீளவாக்கின் முனையில் இல்லை. அகலமான சுவரின் நடுவில் இருக்கிறது. அதனால் சுமார் 350 பேர் கொள்ளும் அந்த இடத்தில், கடைசி வரிசை என்பதே கிட்டத்தட்ட இல்லை. எங்கே நின்றாலும் மேடை பக்கத்தில்தான். கூரை தாழ்வு. இடையிடையே தூண்கள் உண்டு, தூணுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டால் பாடகரின் ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஆகவே கதவு திறக்கும் நேரத்துக்கே போய், மேடையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ தூணுக்கு முன்னால் ஓரிடம் பிடித்துவிடுவது நல்லது. அப்படி நின்றால், ட்ரம்பெட் வாசிப்பவர் பாட்டுக்கு இடையில் சிறு சாவியை அழுத்திக் குழாயில் சேர்ந்த ஈரத்தைத் தரையில் ஊதி விடுவதும், கிதார்க்காரர் அடுத்த பாட்டின் பெயரைக் காலடியில் ஒட்டிய காகிதத்தில் குனிந்து பார்ப்பதும், டிரம்மரிடம் கண்ணாலேயே "இன்னொரு சுற்று" என்று சொல்வதும் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் தவில்காரரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே தெருத் தெருவாகப் போனவர்களுக்கு இந்த நெருக்கம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாத்தியம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் படும்.

இதற்கு விலையும் உண்டு. சாப்பாட்டுக் காசும் மேசைக் காசும் இல்லாத ஓர் அரங்கு, நகரின் மிக விலையுயர்ந்த கடைத்தெருவில் வாடகையும் வணிக வரியும் கட்டிப் பிழைப்பது எளிதில்லை. 2010இல் மூடிவிடும் நிலைக்கு வந்தது. அந்த டிசம்பரில் பால் மெக்கார்ட்னி வந்து ஒரு மதிய வேளையில் அதைக் காப்பாற்றுவதற்காகப் பாடினார். பின்பு ஒரு காலணி நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது. 2020 தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி வணிக வரியை முழுமையாகத் தள்ளுபடி செய்து, சிறு இசையரங்கு என்ற தகுதியில் இதைத் தாங்கிக்கொண்டது. நகரத்தின் பொதுப்பணம் இப்படிச் செலவாவதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன், ஏனெனில் பெரிய அரங்குகளில் பாடப்போகும் எவரும் முதலில் இப்படிப்பட்ட ஒரு கூடத்தில்தான் நின்று பழக வேண்டியிருக்கிறது.

100 கிளப்பில் ஆட முடியுமா என்றால், முடியும். ஸ்விங் ஆட்டத்துக்கென்று நடக்கும் இரவுகளும், அமெரிக்காவின் மறக்கப்பட்ட சோல் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிப் போட்டு விடியும்வரை ஆடும் நார்தர்ன் சோல் இரவுகளும் உண்டு. ஆனால் ஒரே இரவில் மேடை இசையையும் டிஜே ஆட்டத்தையும் தொடர்ச்சியாக எதிர்பார்க்கிறவருக்கு இது பொருந்தாது. அதற்கு ஜாஸ் கஃபேதான்.

ஜாஸ் கஃபே 1987இல் ஸ்டோக் நியூயிங்டனில் தொடங்கி, 1990இல் கேம்டனுக்கு வந்தது. வந்து சேர்ந்த கட்டடம் ஒரு பழைய வங்கிக் கிளை. பெயரில் மட்டும்தான் ஜாஸ், நிகழ்ச்சிகளோ சோல், ஃபங்க், ரெகே, ஹிப்ஹாப், ஆஃப்ரோபீட் என்று விரியும். கீழே நிற்பதற்கான தளம், மேலே மாடத்தில் சாப்பாட்டு மேசைகள். இரவு ஏழு மணியளவில் கதவு திறந்தால், பத்து மணிவாக்கில் கச்சேரி முடிந்துவிடுகிறது. வார இறுதிகளில், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டிஜே மேசை தயாராகி, வேறொரு கூட்டம் உள்ளே வருகிறது. பதினெட்டு வயதைத் தாண்டிய அக்கா மகளை அழைத்துப் போன இரவில், "மாமா, நீங்க பாட்டைக் கேளுங்க, நான் அதுக்கப்புறம் ஆடிக்கிறேன்" என்று அவள் சொன்னது இந்த இடத்துக்கு மிகச் சரியான விளக்கம். அந்த இடைவெளி அரைமணி நேரம் பார்க்கத் தகுந்தது. மேடையில் கேபிள்களைச் சுருட்டுகிறார்கள், கீபோர்டு பெட்டிக்குள் போகிறது, தரையில் சிந்திய பீரைத் துடைக்கிறார்கள், நரைத்த தலைகள் வெளியேற இளம் முகங்கள் உள்ளே வருகின்றன, ஒரு மணி நேரத்துக்கு முன் பாடகரின் பக்கம் திரும்பியிருந்த கூட்டம் இப்போது ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறது.

இந்த இரட்டை வியாபாரத்தால் கச்சேரிக்கு ஒரு நட்டம் உண்டு. எவ்வளவு சூடு பிடித்திருந்தாலும், அடுத்த கூட்டம் வாசலில் நிற்பதால், குழு நேரத்துக்கு இறங்கிவிட வேண்டும். "இன்னொன்று" என்று கூவுவதற்குப் பயன் இருக்காது. ஆதாயமும் அதிலிருந்தே வருகிறது: நேரம் தவறாது. நகரின் வேறொரு பெரிய அரங்கில் எட்டு மணி என்று சீட்டில் அச்சிட்டு, முக்கியக் கலைஞர் பத்தரைக்கு மேடையேற, பாதியில் எழுந்து கடைசி வண்டிக்கு ஓடியவன் நான். அன்றிலிருந்து நேரம் தவறாத அரங்குகளின் அருமை எனக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடத்தில் மேசை எடுத்தால் பார்வை தெளிவாக இருக்கும், ஆனால் தட்டும் முள்கரண்டியும் மோதும் சத்தம் மெல்லிய பாட்டுகளின்போது உறுத்தும். பாட்டுக்காகப் போகிறவர் கீழே நிற்பதே சரி.

இந்த மூன்றையும் விட்டு ஃபேப்ரிக்கை ஏன் சொல்லவில்லை என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையருகே, பழைய குளிர்சேமிப்புக் கிடங்கில் 1999இல் திறந்த கிளப் அது. அதன் முதல் அறையின் ஆட்டத் தரைக்கு அடியிலேயே அதிர்வுக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள், ஆழ்ந்த தாளம் உள்ளங்காலில் ஏறும். 2016இல் போதைப்பொருளால் நேர்ந்த இளம் சாவுகளுக்குப் பின் உரிமம் பறிக்கப்பட்டு, கடும் நிபந்தனைகளோடு 2017 தொடக்கத்தில் மீண்டும் திறந்தது. ஒலியின் தரத்தில் அதற்கு நிகரில்லை என்றே சொல்வேன். ஆனால் அங்கே போவது ஆடுவதற்கு. மேடையில் ஒருவர் மூச்சுப் பிடித்து ஊதுவதைப் பார்ப்பதற்கு அங்கே வழியில்லை. கேம்டனின் கோகோ 1900இல் நாடக அரங்காகத் திறந்து, 2020 தீவிபத்துக்குப் பின் 2022இல் புதுப்பொலிவோடு மீண்ட அழகான கட்டடம். அங்கே கூட்டம் ஆயிரத்தைத் தாண்டும் என்பதால், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் நார்தர்ன் லைன் விடிய விடிய ஓடுகிறது. கேம்டனிலிருந்து மோர்டன் நோக்கிச் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி கிடைக்கும். மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பின் டூட்டிங் வழியே மோர்டன் போகும் என்155 பேருந்துதான் துணை. ஆகவே வார நாளில் ரோனி ஸ்காட்ஸ், வார இறுதியில் ஜாஸ் கஃபே என்று வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. 100 கிளப்பிலும் ஜாஸ் கஃபேயிலும் ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்கப்போகிறவர்கள், இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வகைக் காதடைப்பானை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அது சுரத்தைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கிறது. வெறும் பஞ்சு அதைச் செய்யாது.

ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல் என்றால், நான் 100 கிளப் என்பேன். பெற்றோருடன் வருகிறவருக்கு ரோனி ஸ்காட்ஸ், வயது வேறுபட்ட கூட்டமாக வருகிறவர்களுக்கு ஜாஸ் கஃபே. ஆனால் தெம்பு உள்ளவர்கள் 100 கிளப், ரோனி ஸ்காட்ஸ் இரண்டிலும் ஒரே இரவில் கேட்டுவிடலாம். 100 கிளப்பில் கச்சேரி முடிந்து படியேறி, ஆக்ஸ்ஃபோர்ட் தெருவைக் கடந்து, சோஹோ சதுக்கத்தைத் தாண்டினால் ஃப்ரித் தெரு அங்கேயே தொடங்குகிறது. மொத்தம் பத்து நிமிட நடை. ரோனி ஸ்காட்ஸில் முக்கியக் காட்சி முடிந்தபின் நள்ளிரவைத் தாண்டி நடக்கும் பின்னிரவு நிகழ்ச்சிக்கு, முதல் காட்சியைவிடக் குறைந்த விலையில் சீட்டு கிடைக்கும். அப்போது மேசைகளில் சாப்பாட்டுப் பரபரப்பு ஓய்ந்திருக்கும், வேறு இடங்களில் வாசித்து முடித்த கலைஞர்கள் வாத்தியப் பெட்டியோடு வந்து மேடையில் ஏறிக்கொள்வார்கள். உள்ளே போகுமுன் நேரம் இருந்தால், எதிர்ப்புறம் 1949 முதல் இருக்கும் பார் இத்தாலியாவில் நின்றபடி ஒரு காபி குடிக்கலாம். அங்கிருந்து பார்த்தால், கிளப்பின் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே ஓடும் பாட்டின் ஒரு வரி தெருவுக்கு வந்து போகும்.