செவிலியர்களுக்கு ஆலோசனை: வளாகத்து அறையா, 14416-ஆ, சக சிஸ்டரா?

செவிலியர்களின் மனநலத்துக்கு ஏற்பாடு செய்யப்போகிறோம் என்று ஒரு மருத்துவமனை அறிவித்தால், பெரும்பாலும் வருவது ஓர் அறையும் ஓர் ஆலோசகரும்தான். அதில் நன்மை இல்லாமல் இல்லை. முகம் பார்த்துப் பேசலாம், அதே ஆளிடம் பல வாரம் தொடரலாம். தூக்கம் கெட்டு, பதற்றம் நாள்பட்டுப் போனவருக்கு இந்தத் தொடர்ச்சிதான் மருந்து.

ஆனால் அறை திறந்திருப்பது பகலில். நைட் டியூட்டி முடித்தவர் தூக்கத்தை விட்டுக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை, 'இங்கே சொல்வது நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் காதுக்குப் போகுமோ' என்ற பயம். ஆலோசகர் எச்.ஆருக்குக் கீழே இருந்தால் அந்தப் பயம் நியாயமானதே. தொகுப்பூதியத்தில் இருப்பவர், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கதவைத் தட்டுவாரா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களுக்கு ரகசியம் தருகிறது. வாசலில் நிற்பவரைப் பார்த்துவிட்டுப் பேசுகிற வாய்களை அது என்ன செய்யும்?

அந்தப் பயம் 14416-இல் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இலவசம், தமிழில் பேசலாம், விடிகாலை 3 மணிக்கும் கூப்பிடலாம். குறை என்னவென்றால், மறுமுனையில் இருப்பவருக்கு வார்டு தெரிந்திருக்காது. மருந்து மாறிப்போன குற்றவுணர்வைச் சொல்வதற்கு முன், ஹேண்ட்ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சக ஊழியரிடம் அந்த விளக்கம் தேவையில்லை. சிகிச்சையில் தவறு நேர்ந்தால் அதில் ஈடுபட்ட மருத்துவரும் 'இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்' என்று 2000-இல் மருத்துவர் ஆல்பர்ட் வூ எழுதினார். செவிலியருக்கும் அது பொருந்தும். அவர் பணியாற்றிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011-இல் 'ரைஸ்' என்ற திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற சக ஊழியர்கள், எந்த நேரம் அழைத்தாலும் வந்து பேசுகிறார்கள். என்ன தவறு நடந்தது என்று அவர்கள் துருவுவதில்லை.

ஒரு மரணத்துக்கோ, உறவினர்களின் தாக்குதலுக்கோ பிறகு வரும் முதல் சில மணி நேரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். பயிற்சி மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் விடுதி அரட்டையாகிவிடும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன நர்சிங் ஹோமில் இது எடுபடாது. அங்கே 14416-உம், வெளியூர் ஆலோசகர் ஒருவரோடு ஒப்பந்தமும் போதும். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் சக சிஸ்டரோடு நிறுத்திக்கொள்ளாமல், உடனே 14416, அப்புறம் மனநல மருத்துவர்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. ஒருவரே மூன்று பேரைப் பார்க்கும் ஐ.சி.யூ.வில் இந்த மூன்றில் எதுவும் பெரிதாக உதவாது. அங்கே முதலில் ஆள் போட வேண்டும். சரி, ஆள் இருக்கிறது என்றே வைப்போம். நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது: ஆலோசனைக்குப் போகும் ஒரு மணி நேரம் டியூட்டியில் சேருமா, ஆஃபில் கழியுமா?