சுண்ணாம்பா, சீமெந்தா, இடிப்பதா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அப்பப்பா விட்டுப்போனது, நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய நாற்சார் வீடு; முற்றத்தில் மிளகாயும் வெங்காயமும் காய்ந்த கமக்கார வீடு. இந்த வருடம் அதற்கு மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. கனடாவிலிருக்கும் மச்சான் இடித்துவிட்டு மாடி கட்டச் சொன்னார். சித்தப்பா சீமெந்து பூசச் சொன்னார். வயதான மேசன் ஒருவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதற்குச் சுண்ணாம்புதான்” என்றார்.

இடிப்பதில் ஒளிவுமறைவு இல்லை. வீடு போகும், கூரையைத் தாங்கும் வைரம் ஏறிய பனஞ்சலாகைகள் விலைபோகும். பிறகு சித்திரை வெயிலில் கொங்கிரீட் கூரையின் கீழ் மின்விசிறியோடு மல்லுக்கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆபத்தானது சித்தப்பாவின் நடுவழி. எங்கள் சுவர்கள் சுண்ணாம்புக் கல். முற்றத்துத் தூண்கள் செங்கல். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் போய்விடும். சீமெந்து அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிச் செங்கல்லை அரிக்கும்.

இதற்குச் சான்று முற்றத்திலேயே நிற்கிறது. போர் ஓய்ந்தபின் ஒரு தூணுக்கு மட்டும் சீமெந்து பூசியிருந்தோம். மேசன் தட்டியபோது வெற்றுப்பானைபோல ஒலித்தது. உளியை நெம்பியதும் பூச்சு தட்டுப்போலக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. கரண்டியால் அள்ளக்கூடிய சிவப்புத் தூள்தான் இருந்தது. அடுத்த தூணில் பழைய சுண்ணாம்புப் பூச்சு பாதி உதிர்ந்து, பார்க்கவே அவலமாக இருக்கிறது. ஆனால் அதன் செங்கல்லின் விளிம்பு இன்னும் கையைக் கீறும்.

வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புக்கும் சீமெந்துக்கும் தாய் ஒரே கல். 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கிய தொழிற்சாலையும் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லைத்தான் சீமெந்தாக்கியது. கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு, நீரூற்றி நீற்றினால் சுண்ணாம்பு. பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. சீமெந்துக்கு அதே கல்லோடு களிமண்ணையும் சேர்த்து 1,450 பாகை வரை சுட வேண்டும்.

சுண்ணாம்பின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய படைகளாகப் பூச வேண்டும்; ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் மூடிப் பொறுத்திருக்க வேண்டும். கூலி நாட்கள் கூடும். வேலை தெரிந்த மேசன்மாரும் அருகிவிட்டார்கள். குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேடைக்கும் நானும் சீமெந்தைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் தூண் வேலை தொடங்கும். அந்தச் சிவப்புத் தூளை மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன். “இதற்குத்தானே இடிக்கச் சொன்னேன்” என்கிறார்.