ஆய்வுக்குக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கைத் திரும்பப் பெற எந்த வழி தேறும்?

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய ஆன்லைன் உணவு ஆய்வில் நான்கு நாள் கணக்குக் கொடுத்தேன். முந்தைய நாள் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை வாயில் போட்டது அத்தனையையும் நினைவுபடுத்திப் பதிய வேண்டும். தேடல் பெட்டியில் 'சாம்பார்' என்று தட்டினேன். பட்டியலில் சாம்பார் இல்லை, பருப்பு சூப் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் அதையே தொட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தேன். ஒரே தட்டில் ஒரு கரண்டியில் தொடங்கிக் குவியல்வரை வரிசையாகப் படங்கள். நம் வீட்டுத் தட்டை மனதில் வைத்துப் பார்த்து ஐந்தாவது படத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு நாளுக்கும் முக்கால் மணி நேரம் போனது.

சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டைத் தொட்டது. பார்க்கப்போன டயட்டீஷியன், "நாலு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அதைத்தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேனே! அந்தக் கணக்கைத் திரும்ப வாங்க முயன்றபோது நான்கு வழிகள் தெரிந்தன. நான்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் 'என் தரவு' என்றால் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் தட்டியதும் தொட்டதும் ஓர் அடுக்கு. அந்தச் சொல்லை அவர்கள் எந்த உணவோடு பொருத்தி எத்தனை கிராம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது இரண்டாவது அடுக்கு. அந்த கிராமை ஓர் உணவுச் சத்து அட்டவணையோடு பெருக்கி வந்த கலோரி, கொழுப்பு, உப்பு எல்லாம் மூன்றாவது. பெரும்பாலான இடங்களில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது இந்த மூன்றாவது அடுக்கு மட்டும்தான். பிழை இருந்தால் அது முதல் இரண்டில்தான் ஒளிந்திருக்கும்.

இருப்பதிலேயே எளிய வழி, பதிந்து முடித்ததும் திரையில் வரும் அறிக்கையைச் சேமித்துக்கொள்வது. பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் உருவான இன்டேக்24, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மைஃபுட்24, அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஏஎஸ்ஏ24 ஆகிய மூன்று ஆன்லைன் உணவுப் பதிவுக் கருவிகளிலும் பங்கேற்பாளருக்கு அறிக்கை காட்டும் வசதி உண்டு. ஆனால் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆய்வுக் குழு. அறிக்கையைப் பார்த்தால் மக்கள் அடுத்த நாள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள், அளவீடு கெட்டுவிடும் என்ற நியாயமான கவலை அவர்களுக்கு இருக்கும். அதனால் பல ஆய்வுகளில் அறிக்கையே வராது, அல்லது கடைசி நாளில்தான் வரும். எனக்குக் கடைசி நாளில் வந்தது. பார்த்துவிட்டுத் தாவலை மூடினேன், பிறகு உள்ளே நுழைய முடியவில்லை.

சேமித்திருந்தாலும் அது போதாது என்பது என் கருத்து. 'கொழுப்பு: பரிந்துரையைவிடச் சற்று அதிகம்' என்ற வரியில் எது எதனால் வந்தது என்று தெரியாது. தாளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. நாளைக்கு இரண்டு கரண்டி தாளிப்பில் போகிறது, பொருத்திய உணவில் அது சேரவில்லை என்றால் 240 கலோரி கணக்கிலேயே இல்லை. அறிக்கை அதைச் சொல்லாது. அழகான பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளை மட்டும் காட்டும்.

இரண்டாவது வழி ஆய்வுக் குழுவுக்கு நேரடியாக எழுதுவது. நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை "என் தரவை அனுப்ப முடியுமா" என்று இரண்டு வரி எழுதினேன். பத்து நாள் கழித்து நான்கு நாளின் சராசரியைப் பிடிஎஃப்பாக அனுப்பினார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, கேட்டதைத் தெளிவாகக் கேட்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் ஆய்வின் பெயர், எனக்குக் கொடுத்த பயனர் எண், பதிந்த நான்கு தேதிகள் ஆகியவற்றை எழுதினேன். அப்புறம் வேண்டியதைச் சொன்னேன்: நான் தட்டிய சொற்கள், அதற்குப் பொருத்திய உணவின் பெயரும் எண்ணும், கிராம், நேரம், எந்தச் சத்து அட்டவணையைப் பயன்படுத்தினார்கள் என்ற தகவல். எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக வேண்டும் என்றும் சேர்த்தேன்.

இரண்டு வாரத்தில் 71 வரிகள் கொண்ட கோப்பு வந்தது. மூன்றாவது வரியில் நான் தட்டிய 'சாம்பார்', பக்கத்துக் கட்டத்தில் வீட்டில் செய்த பருப்பு சூப், அதற்குப் பக்கத்தில் 262 கிராம். நான் அன்று ஊற்றிக்கொண்டது இரண்டு குழிக்கரண்டி. கிண்ணம் நிறையக் குடித்ததாகக் கணக்கு ஏறியிருந்தது. தேங்காய்ச் சட்னி மூன்று நாளிலும் காய்ந்த தேங்காய்த் துருவலாக மாறியிருந்தது. அதே மின்னஞ்சலின் கடைசியில் ஒரு வரி: பெயரையும் பயனர் எண்ணையும் இணைக்கும் பட்டியலை அடுத்த மாதம் அழிக்கப் போகிறோம், அதற்குப் பிறகு இதுபோன்ற கோரிக்கைக்கு எங்களால் பதில் தர இயலாது.

நான்கு வழிகளையும் எடைபோடும்போது எனக்கு இந்த வரிதான் தராசு. உணவு ஆய்வுகளில் நம் பெயரும் நம் சாப்பாடும் தனித்தனி இடத்தில்தான் இருக்கும். ஏஎஸ்ஏ24-இல் பார்த்தால், ஆய்வாளர் உருவாக்கிய பயனர் பெயர்தான் அந்த அமைப்புக்குப் போகும், யார் அந்தப் பயனர் என்பது ஆய்வாளரின் கையில் மட்டும் இருக்கும். ஆகவே அமெரிக்காவில் புற்றுநோய் நிறுவனத்துக்கு எழுதிப் பயனில்லை, ஆய்வை நடத்தியவரைத்தான் பிடிக்க வேண்டும். அவரும் இணைப்புப் பட்டியலை அழித்துவிட்டால் 71 வரிகளும் உலகத்தில் இருக்கும், ஆனால் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. தனியுரிமைக்கு அது நல்லது. கேட்கப் போகிறவர் அதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழி சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் பிரிட்டன் வடிவம் இரண்டிலும் 15-ஆவது பிரிவு ஒருவர் தன்னைப் பற்றிய தரவின் நகலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. முதல் நகலுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். தனிப் படிவம் எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நகல் என்றால் உண்மையான, புரியும்படியான மறுபதிப்பாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2009 மே முதல் பிரான்ஸில் இணையவழியே நடந்துவரும் நியூட்ரிநெட்-சான்தே போன்ற பெரிய ஆய்வில் பல வருடமாகக் கணக்குக் கொடுத்துவரும் ஒருவருக்கு இது பெரிய பலம்.

இந்தப் பாதையில் மூன்று முட்டுக்கட்டைகள் உண்டு. முதலாவது, 11-ஆவது பிரிவு. யார் என்று அடையாளம் காண முடியாத நிலையில் நிறுவனம் இருந்தால், நாமே கூடுதல் தகவல் கொடுத்து அடையாளம் காட்டினால் ஒழிய இந்த உரிமை செல்லாது. பயனர் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது, பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு மறுக்கத் தரும் உரிமை அல்ல. நகல் கொடுப்பது ஆய்வின் நோக்கத்தைத் தடுக்கும், அல்லது கடுமையாகப் பாதிக்கும் என்ற அளவுக்குத்தான் விலக்கு. ஆய்வு முடிந்த பிறகு நான்கு நாள் சாப்பாட்டுக் கணக்கைக் கொடுப்பதால் என்ன பாதிக்கும் என்று பணிவாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 20-ஆவது பிரிவு தரவைக் கணினி படிக்கும் வடிவில் எடுத்துச் செல்லும் உரிமையைத் தருகிறது. படித்தவுடன் அதைத்தான் கேட்கத் தோன்றும். ஆனால் அது சம்மதத்தின் பேரிலோ ஒப்பந்தத்தின் பேரிலோ கையாளப்படும் தரவுக்கு மட்டும். "நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேனே" என்றால், அது ஆய்வு அறத்துக்கான சம்மதம். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் தரவுச் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் 'பொதுநலப் பணி' என்ற அடிப்படையைத்தான் காட்டுகின்றன. அப்போது 20 பொருந்தாது, 15 பொருந்தும். ஆகவே 15-ஐச் சொல்லிக் கேளுங்கள், எக்செல் வடிவத்தை வேண்டுகோளாக வையுங்கள்.

சட்ட வழியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். சட்டப் பிரிவைச் சுட்டிய கடிதம் போன மறுநிமிடம் அது ஆய்வாளரின் மேசையிலிருந்து நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடும். நிர்வாகத்தில் இருப்பவருக்கு நம் சட்னி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஆய்வாளருக்குத் தெரியும். ஆனால் இணைப்புப் பட்டியல் அழிக்கப்படும் தேதி நெருங்கிவிட்டது, குழு பதிலே தரவில்லை என்றால் யோசிக்காமல் 15-ஐ எடுங்கள்.

நம் ஊரில் இந்த வழி இன்னும் மெல்லியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 11-ஆவது பிரிவில் தருவது தரவின் சுருக்கம், நகல் அல்ல. போதாததற்கு, ஒருவரைப் பற்றித் தனி முடிவு எடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சித் தரவுக்கு, வகுத்த தரங்களைப் பின்பற்றினால், 17-ஆவது பிரிவில் விலக்கும் உண்டு. இன்டேக்24-க்குத் தெற்காசிய உணவுப் பட்டியல் ஒன்றும் உருவாகி, இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தானில் நடக்கும் சவுத் ஏசியா பயோபேங்க் ஆய்வுக்குப் பயன்படுகிறது. நம்மவர் சாப்பாட்டை நம்மவர் பெயரிலேயே பதியும் கருவி வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதில் சேருபவர் சட்டத்தை நம்பாமல், படிவத்தில் கையெழுத்துப் போடும் நேரத்திலேயே "என் பதிவின் நகல் எனக்குக் கிடைக்குமா" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கேட்டும் கிடைக்காத இடங்களும் உண்டு. சுமார் ஐந்து லட்சம் பேர் சேர்ந்த பிரிட்டனின் உடல்நல ஆய்வான யுகே பயோபேங்க்கில் 2009 முதல் 2012 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆக்ஸ்ஃபோர்ட் வெப்க்யூ என்ற கேள்விப் பட்டியலைக் கணினி வழியே நிரப்பினார்கள். அந்த ஆய்வில் தனிநபர் முடிவுகளைப் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை என்பது சேரும்போதே சொல்லப்படும் நிபந்தனை. வெப்க்யூவில் உணவும் பானமுமாக இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக வரும், எத்தனை பங்கு சாப்பிட்டோம் என்று தொட வேண்டும். நம் சொல்லைத் தட்ட இடமே குறைவு. மூல அடுக்கு கிடைத்தாலும் அதில் சாம்பாரைத் தேட முடியாது.

கடைசி வழி, கணக்குக் கொடுக்கும்போதே நமக்கென ஒரு நகல் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு திரையையும் படம்பிடிக்கலாம், அல்லது ஒரு நோட்டில் எழுதிவிட்டு அதைப் பார்த்துப் பதியலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம், தேதி தாண்டிவிடும் என்ற பயம் இல்லை. முதல் அடுக்குக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. ஆனால் சாம்பார் சூப்பாக மாறியதை நோட்டு சொல்லாது. முந்தைய நாளை நினைவுகூரச் சொல்லும் ஆய்வில் முன்கூட்டியே எழுதி வைப்பது முறையும் அல்ல, அளவீட்டின் தன்மையையே மாற்றிவிடும். பதிந்து முடித்த பின் இறுதிச் சரிபார்ப்புத் திரையை மட்டும் படம்பிடிப்பது இருவருக்கும் நியாயம்.

அடுத்த ஆய்வில் சேர்ந்தால் நான் செய்யப்போவது இதுதான்: சேரும் நாளிலேயே தகவல் தாளில் இணைப்புப் பட்டியல் எப்போது அழிக்கப்படும் என்று தேடிக் காலண்டரில் குறிப்பேன், சரிபார்ப்புத் திரையைப் படம்பிடிப்பேன், கடைசிப் பதிவு முடிந்த வாரமே ஆய்வாளருக்கு எழுதுவேன். முன்பு என் தாளில் அந்தத் தேதி ஏழாவது பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாவது பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

71 வரிகளையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். சூப்பையும் துருவலையும் பேனாவால் திருத்தி வைத்திருந்தேன். டயட்டீஷியன் சோற்று வரிகளில் நிற்பார் என்று நினைத்தேன். அவர் நேரக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்து நான்கு இடத்தில் நிறுத்தினார். 22:40, 22:55, 22:30, 23:10. நான்கிலும் சர்க்கரை போட்ட பாலும் பிஸ்கட்டும்.