குளிர்கால சீ பாஸ்: இரையா, லூரா?

இங்கிலாந்தின் தெற்கே டோர்செட் கரையில் வேலை நாள் சாயங்காலங்களில் சீ பாஸ் என்ற கடல்மீனைப் பிடிக்க இரண்டு வழி: கணவாய், லக் புழு (கடற்கரை மணலில் வாழும் புழு) மாதிரி இரையை வீசிவிட்டுக் காத்திருப்பது, இல்லை லூரை, அதாவது மீன் மாதிரி செய்த போலி இரையை, வீசி வீசி இழுப்பது. என்னிடம் இரண்டுக்குமே ராடு, அதாவது தூண்டில் கோல், உண்டு. நவம்பர் வந்தால் இரை ராடுதான்.

லூரின் வசதி தெரிந்ததே. எடை குறைவு, கை நாறாது, காரிலேயே கிடக்கலாம். கோடையில் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்தபின் செசில் கடற்கரையில் தண்ணீர் கலங்கியிருக்கும், அலை கிளறிவிட்டதைத் தின்ன மீன் கரையோரம் வருவதும் அப்போதுதான். அந்தக் கலங்கலில் மோப்பம்தான் வேலை செய்கிறது.

சரி, இரையை யார் வாங்கி வைத்துப் பராமரிப்பது? எல்லாமே இதில்தான் இருக்கிறது. புது லக் புழு செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள்தான் தாங்கும், அதற்குள் காற்று மாறினால் காசு போச்சு, ஆபீஸ் முடிந்து போனால் கடையும் பூட்டியிருக்கும். லக்கில் இரண்டு வகை: சாதா லக்கை ஃபிரீசரில் வைத்தால் கூழாகிவிடும். கருப்பு லக்கைக் குடலெடுத்து ஒவ்வொன்றாகத் தாளில் சுருட்டி வைத்தால் நிற்கும். கணவாய் இன்னும் சுலபம், ஒரு ராத்திரிக்கு வேண்டியதைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து வைத்தால் போதும். மீந்ததை மறுபடி உறைய வைக்காதீர்கள், தொளதொளத்து வீசும்போதே கழன்றுவிடும். இப்படி இருப்பு இருந்தால் மதியம் காற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம், லூருக்கு இருந்த ஒரே பெரிய சாதகமும் போய்விடுகிறது.

நேரமும் தோதாக அமைகிறது. போர்ட்லாண்ட் பக்கம் அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் வரும் பெரிய கடல் ஏற்றம் மாலை ஏழு மணியை ஒட்டி உச்சம் தொடும். சுவரில் மாட்டிய தமிழ் காலண்டரைப் பார்த்தே அந்த வாரத்தைக் குறித்து வைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் லூர்தான் மேல். 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும், லூர் பெரும்பாலும் வாயோரம் மாட்டும், இரையையோ மீன் விழுங்கிவிடும். அதனால் பெரிய தூண்டில் முள்ளாகப் (4/0 அளவு) போட்டு, ராடைத் தாங்கியில் சாய்க்காமல் கையிலேயே பிடித்திருக்கிறேன்.

கிம்மெரிட்ஜ் மாதிரி பாறைக் கரையில், தெளிந்த ராத்திரியில், வெள்ளை ரப்பர் லூரை மெதுவாக இழுப்பது சரிப்படலாம். குளிரில் அங்கே நான் அதிகம் நின்றதில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன்.

அலை உயரமாக இருந்தால் இரண்டுமே வேண்டாம். செசிலின் கூழாங்கல் சரிவு செங்குத்து, திரும்பும் அலை ஆளையே இழுத்துவிடும்.