தின் கிளையன்ட் போடப்போறீங்களா, லைசென்ஸ் பேப்பர் கேட்டுட்டு பணம் குடுங்க

திருப்பூர்ல எங்களுது சின்ன பனியன் கம்பெனி, ஆபீஸ்ல எட்டு சீட்டு. எல்லாம் பழைய சிஸ்டம், மாசத்துக்கு ஒண்ணு படுத்துக்கும். ஜூலைல ஒருத்தர் வந்து, எதுக்கு சார் எட்டு சிபியு, ஒரே ஒரு சர்வர் போதும், ஆளுக்கு தின் கிளையன்ட்னு ஒரு சின்ன டப்பா, மானிட்டர் பின்னாடி மாட்டிக்கலாம், வேலையெல்லாம் சர்வர்லயே ஓடும், ஹார்ட் டிஸ்க் கிடையாது ஃபேன் கிடையாது, கரண்டும் மிச்சம்னு அடுக்கினாரு. லைசென்ஸ்? "எல்லாம் சேத்துத்தான் சார் ரேட்டு." நானும் தலைய ஆட்டிட்டேன். ஜூலை 20 மாட்டிக் குடுத்தாரு.

கணக்கு எழுதற டேலி நல்லாத்தான் ஓடுச்சு, அதுல பொய் சொல்லக்கூடாது. ஆனா டிஎஸ்சி டோக்கன, அதான் டிஜிட்டல் கையெழுத்து போடற யுஎஸ்பி, டப்பால சொருகினாலும் தெரியல, சர்வர்ல சொருகினாலும் டப்பால உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியல. அக்கவுண்ட்ஸ் அக்கா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயி சர்வர் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து ஃபைல் பண்ணாங்க. கேட்டா "வந்து பாக்கறேன் சார்", அவ்வளவுதான்.

நவம்பர் 18 காலைல ஒரு டப்பாவும் உள்ள போகல. லைசென்ஸ் சர்வர் இல்லன்னு எட்டு ஸ்கிரீன்லயும் ஒரே மெசேஜ். 20ந்தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு கடைசி நாள்ங்க! சர்வர் முன்னாடி உக்காந்தா மட்டும் வேலை நடக்குது.

மச்சான் ஐடில இருக்காப்ல, அவன் பாத்துட்டு சொன்னப்புறம்தான் விஷயமே புரிஞ்சுது. விண்டோஸ் சர்வர்ல ஒரே நேரத்துல நிறைய பேர் ரிமோட்ல வேலை செய்யணும்னா ஆளுக்கோ டப்பாவுக்கோ ஆர்டிஎஸ் கால்னு தனியா லைசென்ஸ் வாங்கணுமாம். வாங்கலன்னா 120 நாள் சும்மா விடும், அப்புறம் கதவ சாத்திரும். அந்த 120 நாளத்தான் இவரு எங்களுக்கு வித்திருக்காரு. பில்ல எடுத்துப் பாத்தா "சாப்ட்வேர் செட்டிங்"னு ஒரே வரி, லைசென்ஸ்ங்கற வார்த்தையே இல்ல.

போன் மேல போன் போட்டதும் மாட்டிக் குடுத்தவரு சாயங்காலம் ஆள அனுப்பினாரு, அந்தப் பையன் எதையோ அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணான், ஓடுச்சு, சர்வீஸ் சார்ஜ் 3,000னான். ஃபைலிங் தலைமேல நிக்குது, குடுத்துத் தொலைச்சேன். அவன் பண்ணது அந்த 120 நாள் கணக்க மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சு விட்டதுதான். அப்புறம் காலண்டர வெச்சு எண்ணிப் பாத்தா அடுத்த 120 நாள் முடியறது மார்ச் 18, இயர் எண்டு நேரம்! இப்ப வேற இடத்துல எட்டு ஆர்டிஎஸ் கால் லைசென்ஸுக்கு கொட்டேஷன் வாங்கியிருக்கேன். பழையவரு மெசேஜ பாக்கறாரு, ப்ளூ டிக் வருது, பதில்தான் வரல.