அனிமேஷன் படிக்க எந்தக் கணினி? கழற்றி மாட்ட முடிகிற பெட்டிக்கே என் ஓட்டு

தங்கை 2024 ஜூனில் மதுரையில் அனிமேஷன் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். கணினி வாங்கித் தரும் பொறுப்பு எனக்கு. வீட்டில் ஒதுக்கிய பணம் ஒரு லட்சம் ரூபாய். அதற்குள் உருப்படியாக மூன்று வழிகள்தான் தெரிந்தன: மேக்புக் ஏர், என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து மாட்டி வாங்கும் அசெம்பிள்டு பிசி. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் மாணவர் யார் கேட்டாலும் இன்றும் அதையேதான் சொல்வேன்.

முதலில், அதிகம் யோசிக்க வேண்டாத விஷயங்கள். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் மூன்று கணினியிலும் நன்றாக ஓடும். கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிரைவான எஸ்எஸ்டி கட்டாயம், 512 ஜிபிக்குக் குறைய வேண்டாம். ஆறு கோர் உள்ள ஐ5 அல்லது ரைசன் 5 ப்ராசஸர் தொடக்கத்துக்குத் தாராளம். லோகோ, போஸ்டர், புத்தக வடிவமைப்பு என்று கிராஃபிக் டிசைன் மட்டும் படிப்பவர் இந்த மூன்றில் எதை வாங்கினாலும் குறையில்லை. சிக்கல் அனிமேஷனில்தான்.

அனிமேஷன் படிப்பு மூன்று ஆண்டும் ஒரே கனத்தில் போவதில்லை. முதல் ஆண்டில் பெரும்பாலும் பென்சிலும் தாளும், கொஞ்சம் போட்டோஷாப். இரண்டாம் ஆண்டில் வீடியோவில் எஃபெக்ட் சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும், 3டி மென்பொருளான மாயா அல்லது பிளெண்டரும் நுழைகின்றன. மூன்றாம் ஆண்டில் ஷோரீல், அதாவது செய்ததில் சிறந்தவற்றின் வீடியோத் தொகுப்பு. வேலை கேட்டுப் போகும்போது கையில் கொண்டுபோவது அதைத்தான். கணினிக்கு உண்மையான பாரம் ஏறுவதும் அப்போதுதான். சேரும் நாளில் வாங்கும் இயந்திரம், இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

அந்தப் பாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 1920×1080 அளவில் ஒரு ஃபிரேமைத் திறந்த நிலையில் வைத்திருக்க, 8 பிட் வண்ணத்தில் சுமார் 8 எம்பி வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் பத்து நொடிக்கு 240 ஃபிரேம், ஏறக்குறைய 2 ஜிபி. 16 பிட்டுக்குப் போனால் 4 ஜிபி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முன்னோட்டம் காட்ட இவற்றை ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. விண்டோஸும் பிரவுசரும் திறந்திருக்க, 16 ஜிபி எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெண்டர், அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவது, இன்னும் கடுமை. ஒரு ஃபிரேமுக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் அதே பத்து நொடிக்கு 20 மணி நேரம். வெளிச்சம் சரியில்லை, மாற்றிக் கொண்டுவா என்று ஆசிரியர் சொன்னால் இன்னொரு 20 மணி நேரம்.

ஆகவே நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்த்தது ஒன்றை மட்டும்தான்: மூன்றாம் ஆண்டில் போதவில்லை என்றால் எதை மாற்ற முடியும்?

மேக்புக்கில் எதையும் மாற்ற முடியாது. ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, எஸ்எஸ்டி போர்டில் பற்றவைக்கப்பட்டது. நாங்கள் கடை கடையாக ஏறியபோது மேக்புக் ஏர் அடிப்படை மாடலில் 8 ஜிபிதான். அதே 2024 அக்டோபரில் ஆப்பிள் அதை விலை ஏற்றாமல் 16 ஜிபி ஆக்கியது. அதற்கு முன்பு 8 ஜிபி வாங்கிய மாணவர் படிப்பு முடியும்வரை அந்த 8 ஜிபியோடுதான் இருக்க வேண்டும், இல்லை விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டும்.

கேமிங் லேப்டாப் இதில் பரவாயில்லை. பெரும்பாலானவற்றில் ராமும் எஸ்எஸ்டியும் கூட்டலாம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை. 3டி படிப்பவருக்கு முதலில் இடிப்பதே அந்தக் கார்டின் நினைவகம். மரம், முடி, பொருள்களின் மேல் போர்த்தும் பெரிய படங்கள் (டெக்ஸ்சர்) என்று காட்சி கனத்து, அந்த நினைவகத்தில் அடங்காமல் போனால் ரெண்டர் வேகம் படுத்துவிடும், அல்லது இடமில்லை என்று நின்றேவிடும். பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் லேப்டாப் என்றால் 6 ஜிபி, டெஸ்க்டாப் என்றால் 12 ஜிபி. டெஸ்க்டாப் 3060-யிலேயே 8 ஜிபி வகை ஒன்று பின்னால் வந்தது, பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். லேப்டாப் 4060-க்குத் தயாரிப்பாளர் 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். பெயர் ஒன்றானாலும் வேகம் ஒன்றல்ல.

டெஸ்க்டாப்பில் கார்டைக் கழற்றி வேறு மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதற்கு முதல் நாளே இரண்டு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாமல் இருக்க வேண்டும். ஒன்று, பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சும்மா தரும் எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். பெயருள்ள நிறுவனத்தின் 650 வாட் போட்டோம், அடுத்த கார்டுக்கும் அதுவே தாங்கும் என்பதால். இன்னொன்று, பாகங்களெல்லாம் மாட்டப்படும் மதர்போர்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் உள்ளதை எடுத்தோம். முந்தைய ஏஎம்4-இல் 2017-இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் 2022-இல் வந்த ப்ராசஸரைக்கூட போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்து மாட்ட முடிந்தது. ஏஎம்5-ம் 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு வந்து, 2024-இல் 9000 வரிசையையும் ஏற்றுக்கொண்டது. இந்த வரலாறுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. கார்டு 12 ஜிபி 3060. ராம் 16 ஜிபியில் இரண்டு.

ராம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "இப்போது குறைவாகப் போடு, பிறகு மலிவாகக் கூட்டிக்கொள்" என்று கடைக்காரர்கள் பல ஆண்டாகச் சொல்லிவந்த யோசனை 2025 கடைசியில் பொய்த்தது. ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் அள்ளிக்கொண்டு போகப்பட, ராம் விலை எகிறிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் பிறகு மலிவாக வாங்கலாம் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் கழற்றி மாட்ட முடிகிற கணினியில் விலை இறங்கும்வரை காத்திருக்கவாவது முடியும். பற்றவைத்த ராமுக்கு, தேவை வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் இதே கதைதான். லேப்டாப்பில் ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே போர்டில். வாரண்டி வழக்கமாக ஓராண்டு. அது முடிந்தபின் போர்டு போனால், புது லேப்டாப்பில் பாதி விலை கேட்பார்கள். டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, பெரும்பாலும் மூன்று ஆண்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஐந்தும் அதற்கு மேலும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். பில்களைப் பத்திரப்படுத்துவது உங்கள் வேலை. தூசிக்கு மாதம் ஒருமுறை ஊதிவிட்டால் சரி. லேப்டாப்பை மாணவர் தானே திறந்து சுத்தம் செய்யத் தயங்குவார். சித்திரை வெயிலில் மணிக்கணக்காக ரெண்டர் ஓடும்போது அந்தத் தூசி விசிறியை அடைத்துச் சூட்டை ஏற்றும். மேக்புக் ஏருக்கு விசிறியே கிடையாது. சூடு ஏறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப்பின் பலவீனம் மின்வெட்டு. யுபிஎஸ் இல்லாமல் வாங்கவே கூடாது. கிராபிக்ஸ் கார்டு இருப்பதால் 600 விஏ தடுமாறும், 1 கேவிஏ எடுங்கள். அதுவும் வேலையைச் சேமித்து அணைக்கும் அளவுக்குத்தான் தாங்கும். ரெண்டரை வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எடுக்கச் சொல்லுங்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மேக்கை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த விலைக்கு அதன் திரை நன்றாகவே இருக்கும். சத்தமில்லை, பேட்டரி ஒரு நாள் தாங்கும், பழையதை விற்றாலும் நல்ல விலை. 2டி, மோஷன் கிராபிக்ஸ் பக்கம் போகிறவருக்கு 16 ஜிபி மேக்புக் நல்ல துணை. 3டியில் எப்படி என்று அழுத்தமாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது, நண்பர்கள் வைத்திருப்பதில் கொஞ்சம் வேலை பார்த்ததோடு சரி. பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ் 2022 முதல் ஆப்பிள் சிப்பின் கிராபிக்ஸைப் பயன்படுத்துகிறது. மாயாவும் கிடைக்கும். 3டிஎஸ் மேக்ஸ் என்ற இன்னொரு 3டி மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். உங்கள் கல்லூரி எதைக் கற்றுத்தருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் விண்டோஸ், வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிரா, யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள்தான் இன்னும் புழக்கத்தில். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர் அந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டிவரும். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தட்டச்சு மென்பொருள்களும் விண்டோஸ் உலகத்தவை.

விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு டெஸ்க்டாப்பை நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கேமிங் லேப்டாப்தான். வாங்கும்முன் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். ராம் ஸ்லாட் இரண்டும் திறந்து மாட்டக்கூடியவையா? இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் உண்டா? கார்டுக்கு எத்தனை ஜிபி, எத்தனை வாட்? எஸ்ஆர்ஜிபி என்று பொதுவாகச் சொல்லப்படும் வண்ண வரம்பைத் திரை முழுதாகக் காட்டுமா? விவரத்தாளில் 45 சதவீத என்டிஎஸ்சி (இதுவும் ஒரு வண்ண அளவுகோல்) என்று போட்டிருந்தால் அந்தத் திரையில் சிவப்பு வெளிறித்தான் தெரியும், அதை நம்பி வண்ணம் தேர்ந்தெடுக்க முடியாது. திரை தவிர மற்றதெல்லாம் பிடித்திருந்தால் மட்டும், வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது இணைத்துக்கொள்ள வண்ணத்தை நன்றாகக் காட்டும் ஐபிஎஸ் வகை 24 இன்ச் மானிட்டர் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வாங்கலாம்.