ஒரு பெட்டி, நான்கு சேர்வர், பெயர் மாறும் ஒரு துளை

போன மாதம் கல்முனைக் கடைச் சேர்வருக்கு வேகமான டிஸ்க் ஒன்று பூட்டிவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே அக்கரைப்பற்று நண்பனின் குரல் பதிவு வந்து கிடந்தது. அரிசி ஆலை ஒன்றின் கந்தோரில் கணக்கும் கணினியும் அவன் பொறுப்பு. "மச்சான், நீ அந்த ஹாஜியார்ர கடையில ஒரு பெட்டிக்குள்ள நாலு சேர்வர் ஓட்டுறாயாமே. எங்கட ஆலைக்கும் அப்பிடிச் செய்வமா? நல்லதா, கரைச்சலா?"

கேள்வி வந்த நேரம் சரியில்லை. கடல் காற்றில் கறள் பிடித்த ஸ்க்ரூ ஒன்று விரலைக் கிழித்திருந்தது. அதைவிட, நான்கு வருடமாக என்னை விரட்டும் அதே பிரச்சினை அன்றும் வந்துவிட்டுப் போயிருந்தது. அதனால் கொஞ்சம் சூட்டோடுதான் எழுதுகிறேன். நியாயமாக இருக்க முயல்கிறேன்.

2022 தொடக்கத்தில், டொலர் எகிற முன்னம், அந்த மொத்த விற்பனைக் கடையில் மூன்று கணினிகள் மூன்று மூலையில் இரைந்துகொண்டிருந்தன. ஒன்று பில்லுக்கும் கணக்குக்கும். ஒன்றில் விண்டோஸ் 7; அதில் மட்டுமே ஓடும் பழைய சம்பள மென்பொருள். மூன்றாவதில் கோப்புகளும் கைரேகை இயந்திரத்தின் பதிவும். மூன்றையும் புதிதாக வாங்கக் காசு கேட்டபோது ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கொழும்பிலிருந்து பாவித்த சேர்வர் ஒன்றை எடுத்தோம், 64 ஜிபி நினைவகத்தோடு. அதன்மேல் புரொக்ஸ்மொக்ஸ் போட்டேன். ஒரு பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டவைக்கும் மென்பொருள், பொதுவாக ஹைப்பர்வைசர் என்பார்கள். வியன்னாவில் செய்கிறார்கள், அடியில் டெபியன் லினக்ஸ், அதற்குள் கணினிக்குள் கணினி ஓட்டுகிற கேவிஎம். உரிமக் காசு இல்லை, விரும்பினால் சந்தா கட்டலாம். மூன்று கணினியும் அதற்குள் போயின. நான்காவதாக, எதையும் சோதித்துப் பார்க்க எனக்கென்று ஒரு காலி இயந்திரம் வைத்துக்கொண்டேன்.

நண்பனுக்கு விளக்க எனக்கு அவனது ஆலையே போதும். பழைய ஆலைகளில் ஒரே இஞ்சின், நீளமாக ஒரு தண்டு, அதிலிருந்து பெல்ட் பூட்டி உமி நீக்கும் இயந்திரம் ஒரு பக்கம், தீட்டுகிற இயந்திரம் மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இழுவை என்பதை அந்தத் தண்டு பகிர்ந்து கொடுக்கும். ஹைப்பர்வைசர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு விண்டோஸும் தனக்கென்று ஒரு கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். ஒன்றின் பெல்ட் அறுந்தால் மற்றவை நிற்காது. இது புதுச் சங்கதியும் அல்ல. ஐபிஎம் 1972இலேயே தனது பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்று இதை விற்றது. நம் கைக்கு எட்டும் சாதாரண சிப்புகளில் இதற்கான வசதியை இன்டெலும் ஏஎம்டியும் 2005, 2006இல்தான் வைத்தன. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில் அந்த வசதி அணைந்திருந்தால் எதுவுமே ஓடாது என்பதை மதர்போர்டு பற்றரி செத்த ஒரு காலையில் படித்தேன். அதை விடுவோம், இரண்டு நிமிட வேலை.

என்னை விரட்டுகிற பிரச்சினைக்கு வருகிறேன். சேர்வரின் பின்புறம் நெட்வொர்க் வயர் குத்துகிற துளை இருக்கிறதே, அதன் பெயர்.

உள்ளே இருக்கும் நான்கு இயந்திரங்களும் வெளியே வர ஒரு பாலம் உண்டு. அந்தப் பாலத்தின் மறுமுனையை அந்தத் துளையில் கட்ட வேண்டும். பெயரைச் சொல்லித்தான் கட்ட வேண்டும். லினக்ஸ் அந்தத் துளைக்கு 'ஈஎன்பி3எஸ்0' என்று பெயர் வைக்கும். மதர்போர்டில் மூன்றாம் தடம், பூச்சியமாம் இடம் என்று பொருள். முன்பு 'எத்0', 'எத்1' என்றிருந்த காலத்தில் எது முந்தி எழும்புகிறதோ அதற்கு முதல் பெயர் என்ற நிலை. இரண்டு நெட்வொர்க் கார்ட் உள்ள சேர்வரில் அது இன்னும் பெரிய தலையிடி. அதைத் திருத்தத்தான் 2013இல் இந்தப் புது முறை வந்தது. அதற்கு லினக்ஸ்காரர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'முன்கூட்டியே கணிக்கக்கூடிய பெயர்கள்'. சிரிப்பு வரவில்லை எனக்கு.

முதல் தடவை, 2022 ஆகஸ்ட். யூஎஸ்பி துளைகள் போதவில்லை என்று ஒரு கார்ட் பூட்டினேன். புதுக் கார்ட் உள்ளே வந்ததும் தடங்களின் எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போய், மூன்று நான்காகிவிட்டது. பாலம் இன்னும் மூன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பிழையும் இல்லை. நான்கு இயந்திரங்களும் எழும்பி, பச்சை நிறத்தில், ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டிருந்தன. பெட்டிக்கு வெளியே ஒரு எழுத்துக்கூட வரவில்லை. வயரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், பூட்டிய கார்ட்டைத் திட்டினேன். மூன்று மணித்தியாலம்.

இரண்டாவது தடவைதான் மறக்க முடியாதது. 2024இல் புரொக்ஸ்மொக்ஸின் 8.2 பதிப்பு வந்தது. கல்லடியில் வீட்டிலிருந்து, இரவு பத்தரைக்கு, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புதுப்பித்தேன். மறுதொடக்கம் கொடுத்தேன். திரும்பி வரவேயில்லை. லினக்ஸின் கருவான கேர்னல் புதிதாகும்போது சில வகை நெட்வொர்க் கார்ட்டுகளின் பெயர் மாறலாம் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருந்தது. நான் படித்தது மறுகாதான். விடிய ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். களுவாஞ்சிக்குடி தாண்ட மழை பிடித்தது. கடை வாசலில் இரண்டு லொறி, ஏற்றத் தயாராக. ஹாஜியார் கதிரையில் இருந்தபடி, "தம்பி, பில்லு அடிக்க ஏலாமக் கிடக்கு. ஆக்கள் நிக்கிறாங்க" என்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சேர்வருக்கு மொனிற்றர் இல்லை. கமராவுக்குப் போட்டிருந்த டிவியைக் கழற்றிக் கொண்டுவந்து குத்தினேன். பெயரின் கடைசியில் 'என்பி0' என்று ஒரு வால் முளைத்திருந்தது. கோப்பைத் திறந்து அந்த மூன்று எழுத்தைச் சேர்த்தேன். பில் அடிக்கத் தொடங்கியது. போக நாற்பது கிலோமீற்றர், வர நாற்பது, மூன்று எழுத்துக்காக.

தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கும் வசதியுள்ள சேர்வரை வாங்கியிருந்தால் அந்தப் பயணம் இல்லை. காசை மிச்சம் பிடித்தது நான்.

சரி, இனி மறுபக்கம். அதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது மூன்று பெட்டிக்கு மூன்று யூபிஎஸ் வைத்திருந்தால் கடை எப்பவோ மூடியிருக்கும். ஒரே பெட்டி, ஒரே இன்வேர்ட்டர், சமாளித்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறையில் குரங்கு ஒன்றால் தீவு முழுக்க இருண்ட நாளில் நான் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் சோற்றுக்கு முன்னால். யூபிஎஸ் சொல்லிவிட, நான் வைத்த வரிசையில் ஒவ்வொன்றாக அணைந்திருக்கின்றன: முதலில் பில், பிறகு கோப்பு, கடைசியில் பெட்டி. கரண்ட் வந்ததும் எதிர் வரிசையில் எழும்பின. கணக்குத் தரவில் ஒரு கீறல் இல்லை. பழைய கணினி என்றால் அன்று பின்னேரம் முழுக்கத் தரவுத்தளத்தைச் சரிபார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அந்த விண்டோஸ் 7? உண்மையான பெட்டியாக அது எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அதன் டிஸ்க்கை அப்படியே படமெடுத்து உள்ளே ஏற்றிவிட்டேன். இணையத்துக்கு வழியே இல்லாமல், சம்பள நாளில் மட்டும் எழும்பி, வேலையை முடித்துவிட்டுப் படுக்கும். மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியோடு கைவிட்ட பொருள், கல்முனையில் இன்னும் மாதம் ஒரு நாள் உழைக்கிறது.

ஆனால் ஹாஜியாருக்குப் பிடித்தது ஸ்னப்ஷொட், இயந்திரத்தின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைப்பது. ஒருநாள் கடை திறக்க முன்னம் பில் மென்பொருளைப் புதுப்பித்தோம். எல்லா விலையும் தசம இடம் மாறிப்போய், ஒரு மூடை சீனி சில்லறைக் காசுக்கு வந்து நின்றது. புதுப்பிக்க முன்னம் ஸ்னப்ஷொட் எடுத்து வைத்திருந்தேன். அதற்குத் திருப்பிவிட ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்தவர் கேட்டார்: "தம்பி, இப்ப இது நேத்தைக்குப் போயிட்டா?" ஓம் என்றேன். "அந்த லொறிக்காரனுக்குக் கடன் குடுக்கிறதுக்கு முதல் ஒண்டு எடுத்து வெச்சிருக்கலாமே!" நானும் பொடியன்மாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதோடு ஒன்றையும் சொல்லி வைத்தேன்: திருப்பினால் அதற்குப் பிறகு அடித்த பில்லும் போய்விடும், டிஸ்க்கே செத்தால் ஸ்னப்ஷொட்டும் சேர்ந்து சாகும். அதனால் இரவில் வேறு டிஸ்க்குக்குத் தனியாக பேக்கப் போகிறது. ஸ்னப்ஷொட்டைப் பேக்கப் என்று நினைத்து இருக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றும் என் தெரிவை நியாயப்படுத்தியது. பிரோட்கொம் என்ற சிப் நிறுவனம் 2023 நவம்பரில், இதே வேலைக்கு மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்தியது. இலவசமாக இருந்த அதன் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரும் 2024 பெப்ரவரியில் போய், 2025 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்த நாட்களில் என் கைத்தொலைபேசி ஓயவில்லை. எனக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை.

அப்படியென்றால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். போன மாதக் கதையையும் கேளுங்கள். அந்த வேகமான என்விஎம்ஈ டிஸ்க்கை ஒரு கார்ட்டில் ஏற்றிப் பூட்டினேன். இந்த முறை முன்கூட்டியே டிவியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். எழும்பியது, நான்கும் பச்சை, வெளியே சத்தமில்லை. நான்கு ஐந்தாகியிருந்தது. கோபம்கூட வரவில்லை, ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது. நெட்வொர்க் கார்ட்டின் மாறாத இலக்கத்தை, அதாவது மேக் முகவரியை வைத்துப் பெயரைக் கட்டிப்போட ஒரு சிறு கோப்பு எழுதலாம். அது எனக்கு 2022லேயே தெரியும். 'அடுத்த முறை' என்று நாலு வருடம் தள்ளியது நான்தான். அன்றைக்கு எழுதிவிட்டுத்தான் எழும்பினேன். புரொக்ஸ்மொக்ஸ் 9இல் அதற்கென்றே ஒரு கருவி வந்துவிட்டது. வரட்டும். தொடக்கத்திலேயே அது தானாக நடந்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

நண்பனுக்கு நான் அனுப்பிய பதில் இது: "வேண்டாம் மச்சான். ஒரு நல்ல கணினியில விண்டோஸைப் போட்டு நேரா ஓட்டு." இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதென்ன என்று அவனும் கேட்டான். கல்முனைப் பெட்டியை யாராவது பிரிக்கச் சொன்னால் நான் விடமாட்டேன், அது வேறு. அவனது ஆலையில் இஞ்சின் நின்றால் மெக்கானிக் ஊருக்குள்ளேயே இருக்கிறான். இந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டால், அறுபது கிலோமீற்றருக்கு மேல் தாண்டி, மழையில், டிவியைக் கழற்ற யார் போவது? நான்தான். எனக்கு ஏலாது.

பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. பாவித்த சேர்வர், ஏற்கெனவே வாங்கியாயிற்றாம். என்னிடம் கேட்டது சும்மா ஒரு தைரியத்துக்காம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்புறம் இரண்டு நெட்வொர்க் துளைகள், பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர், எழுத்து மங்கல். அதில் பன்னிரண்டு இலக்கமும் எழுத்தும் இருக்கும், டோர்ச் அடித்துப் பார்த்து எழுதி அனுப்பு, அதுவரை பெட்டியைத் திறக்காதே என்றேன்.